பூதலிங்கம் இன்னும் சாப்பிடவில்லை

இன்றைக்கு ஒரு நாள் மட்டும் யார் குரலிலும் பேசமாட்டேன் என்று பகவதி சத்தியம் பண்ணியிருந்தாள். அம்மாவிடம் இல்லை, அம்மாவிடம் பண்ணுகிற சத்தியமெல்லாம் வாசல்படி தாண்டினதும் செத்துவிடும். இது பஸ் நாகராஜா கோயில் திருப்பத்தில் குலுங்கினபோது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நேராக மேலிடத்தில் பண்ணினது. அப்பாவுக்கு இந்தத் தடவை நம்பர் குறைஞ்சு வரணும், சாயங்காலம் வரை நான் என் சொந்தக் குரலிலேயே கிடக்கிறேன், சரியா என்று. சொந்தக் குரல் எது என்பதில்தான் கொஞ்சம் குழப்பம், பதினேழு வயதுக்குள் அதை அவள் ரொம்ப உபயோகித்ததில்லை. அதுவும் வாயைத்தான் மூட முடியும், தொண்டைக்குள் இடித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஜனத்தை என்ன செய்ய? ஸ்கேன் சென்டரில் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே புதிதாக மூன்று பேர் உள்ளே ஏறியாயிற்று. ஒன்று ஷீபா சிஸ்டர், மார்த்தாண்டத்துக்காரி, "டோக்கன் பதினாலு வாருங்கோ, செருப்பக் கழத்திப் போட்டுட்டு வாருங்கோ" என்று ஒவ்வொரு 'ங்கோ'வையும் ஊஞ்சலில் வைத்து ஆட்டிவிடுகிறாள். இன்னொன்று எதிர் நாற்காலித் தாத்தா, கதவு திறக்கும்போதெல்லாம் "நம்மளையா?" என்று பாதி எழுந்து, இல்லை என்றதும் "ஓகோ" என்று ஏதோ பெரிய ரகசியம் புரிந்தாற்போல உட்காருகிறார். மூன்றாவது மூலையில் இருக்கிற ஏசி, "ம்ம்ம்ம்ம்... டிக்" என்று, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற ஆள் மாதிரி. அந்த 'டிக்' மேல் அண்ணத்தில் நாக்கை வைத்தால் வராது, பல்லுக்குப் பின்னால் வைக்கணும், சீ, சத்தியம், நாக்கை எடு. பக்கத்தில் அப்பா இரண்டு முழங்காலிலும் இரண்டு கையை வைத்துக்கொண்டு போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். அப்பா என்றால் பூதலிங்கம், கல்யாணச் சமையல் பூதலிங்கம், நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி வரை எந்த மண்டபத்தில் பிரதமன் என்கிற பாயசம் நன்றாக இருந்தாலும் அது அவர் வைத்ததாக இருக்கும் அல்லது அவரிடம் படித்தவன் வைத்ததாக இருக்கும். இன்றைக்கும் கல்யாணம்தான், ஆவணி மாதம் பாருங்கள், விடியக் கருக்கலில் மண்டபத்துச் சமையல் கொட்டகைக்கு, ஆக்குப்புரைக்குப் போய் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு, பந்தி பரிமாறுகிறதைக் கையாள் நாகராசனிடம் ஒப்படைத்துவிட்டு, சட்டை மட்டும் மாற்றிக்கொண்டு நேரே பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டார். சட்டை மாறியிருக்கிறது, ஆள் மாறவில்லை. நெய்யும் சுக்கும் ஏலக்காயும் வறுத்த தேங்காயுமாக அவர் மேலிருந்து ஒரு கல்யாணமே வீசியது, பட்டினி கிடக்கிற இத்தனை நோயாளிகளுக்கு நடுவில் இது ஒரு குற்றம் என்று பகவதி நினைத்தாள், சிரிப்பு வந்தது, அப்போது அப்பாவின் தலை மெல்ல முன்னால் சரிந்தது, தூங்குகிறார், சிரிப்பு நின்றுவிட்டது.

பகல் தூக்கம். ஈரல் கெட்டால் என்ன ஆகும் என்று தேடினபோது போனில் அப்படித்தான் போட்டிருந்தது. பகலில் தூக்கம் வரும், ராத்திரி வராது, கை நடுங்கும், பேச்சு குழறும், வயிற்றில் நீர் கட்டும், உள்ளே ரத்தக்குழாய் வீங்கி உடைந்தால் ரத்த வாந்தி. அதற்கு மேல் படிக்காமல் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டாள், கவிழ்த்துப்போட்டால் எழுத்தெல்லாம் கீழே கொட்டிவிடும் என்கிற மாதிரி. ஆனால் விடியக் கருக்கலில் எழுந்தவன் யாராக இருந்தாலும் பகலில் தூங்குவான்தானே? நாகராசன் அண்ணன் மண்டபத்து வாழைக்குலை மேலேயே சாய்ந்து தூங்குவான், அவனுக்கு என்ன ஈரலா சுருங்கிவிட்டது? சரி, கை நடுங்குகிறதா என்று பார்த்தாள். முழங்கால் மேல் அந்த வலது கை, உள்ளங்கை கொஞ்சம் குழிந்து, அசையாமல் கிடந்தது. நடுங்கவில்லை. ஏசி நடுங்கியது, கை நடுங்கவில்லை. போன மாதம் வரைக்கும் ஈரல் என்றால் ஆட்டுக்குத்தான் உண்டு என்று நினைத்திருந்த வீடு அது. சர்க்கரைக்கு மாத்திரை எழுத வந்த இடத்தில் ரத்தத்தில் ஏதோ கூடுதல் என்று வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள், ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்றார்கள், உடனே தெருவே கூடிவந்து அம்மாவிடம் குசலம் விசாரித்தது. "சொர்ணம், ஒம் மாப்பிள்ளை தண்ணி போடுவாரா? தெரியவே இல்லையே!" என்று மூக்கால் பேசுகிற பால்காரியக்கா, அந்தக் குரலை அன்றைக்கே எடுத்துவிட்டாள் பகவதி, மூக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் சந்தோஷத்தை உள்ளே விடணும், அவ்வளவுதான். "காப்பிக்கு மேல ஒண்ணு குடிச்சதில்ல அவிய!" என்று அம்மா துடைப்பத்தோடு நின்றாள். குடிக்காதவனுக்கும் வரும் என்று டாக்டர் எட்வின் சொன்னதை யாரும் நம்பவில்லை. டாக்டர் எட்வின் ரொம்ப மெதுவாகப் பேசுவார், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் "அதாவது" போட்டு, அப்புறம் பேனாவைப் பார்த்து, பேனா சம்மதம் கொடுத்த பிறகு மேலே போவார். "அதாவது... ஊசி குத்தாம, வயித்தக் கிழிக்காம, வெளிய இருந்தே ஈரல் எவ்வளவு இறுகியிருக்குன்னு தட்டிப் பாக்கிற மெஷின் இருக்கு. எட்டுக்குக் கீழ வந்தா பயமில்ல. பன்னெண்டுக்கு மேல போனா கவனிக்கணும்." போய்த் தட்டினார்கள். பன்னிரண்டே முக்கால் வந்தது. அப்புறம் டாக்டர் எல்லாக் காகிதத்தையும் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு பேனாவை ரொம்ப நேரம் பார்த்தார். "அதாவது... வயசு, ரத்தத்துல தட்டணு, என்சைம் எல்லாம் வச்சு கணக்குப் போட்டா நல்லாத்தான் இருக்கு. மண்ணீரலும் வீங்கல்ல. இந்த ஒரு மெஷின் மட்டும் வேற கதை சொல்லுது. ஒண்ணு கிழக்க இழுக்குது, ஒண்ணு மேற்க இழுக்குது. இன்னொரு தடவை பாத்திருவோம். அப்பவும் இப்படியே வந்தா, ஊசி விட்டு ஒரு துணுக்கு எடுத்துத்தான் பாக்கணும்." துணுக்கு. அப்பாவிலிருந்து ஒரு துணுக்கு. வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா, "இறுகிப்போச்சுன்னா என்ன மக்ளே அர்த்தம்? பாகு முத்தினாப்பலயா?" என்றார். பாகு முத்திவிட்டால் பின்னே இளகாது என்பது சமையல்காரர் மகளுக்குத் தெரியாதா. தெரியாதுப்பா என்றாள்.

அன்றைக்கு ராத்திரியிலிருந்துதான் அப்பா குரலை அவள் நிறுத்திவிட்டாள். மற்ற எல்லோரையும் பேசுவாள், அப்பாவை மட்டும் இல்லை. காரணம் எதிர்வீட்டு மாசிலாமணி மாமா. மாமா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் நாலு பேர் சேர்ந்து நின்றால் "உள்ள போ, உள்ள போ, படிக்கட்டுல நிக்காத" என்பார். அவர் குரல் பகவதியின் பொக்கிஷம், ஏழாம் வகுப்பிலேயே அதை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வேனைப் பாதி வழியில் நிறுத்தியிருக்கிறாள். மாமா போன வருஷம் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் கழிந்து ஒரு சாயங்காலம் அவர் பெண்டாட்டி வள்ளியம்மை அத்தை கையால் கூப்பிட்டாள், உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினாள், "எட்டீ பகவதி, ஒரே ஒரு தடவை அவிய மாதிரி பேசுட்டீ" என்றாள். எந்த மாதிரி அத்தை? "எப்பவும் போல. காப்பி கேக்கச் சொல்லு." பகவதிக்குக் குஷிதான், யாராவது கேட்டுப் பேசச்சொல்வது அபூர்வம், நிறுத்தச்சொல்லித்தான் கேட்பார்கள். தாடையைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி, தொண்டையில் அரைக்கால் பீடிப்புகையைச் சேர்த்து, "வள்ளீ, காப்பி என்ன, காப்பிச்செடி பூத்துக் காய்க்கட்டும்னு இருக்கியா?" என்றாள். அத்தை சிரிப்பாள் என்று நினைத்தாள். அத்தை அடுக்களையைப் பார்த்து இரண்டு எட்டு வைத்துவிட்டாள். நிஜமாகவே காப்பி போடப் போய்விட்டாள், பாதி வழியில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்த இரண்டு எட்டு. பகவதி அதற்கு அப்புறம் மாசிலாமணி மாமாவைப் பேசவே இல்லை, ஆனால் மாமா உள்ளேதான் இருக்கிறார், எங்கே போவார், உலகத்திலேயே அந்தக் குரல் மிச்சம் இருக்கிற ஒரே இடம் இவள் தொண்டை. இப்போது பன்னிரண்டே முக்கால் என்றதும் அவளுக்கு வந்த பயம் ரத்த வாந்தி இல்லை, ஊசி இல்லை. அம்மா ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு, எட்டீ, ஒரே ஒரு தடவை என்பாள். அதுதான். அது வரவே கூடாது என்பதற்காக அப்பா குரலைப் பக்கத்திலேயே சேர்க்காமல் வைத்திருந்தாள், எடுத்துப் பழகினால்தானே மிச்சம் வைக்கிற மாதிரி ஆகும். "டோக்கன் பதினஞ்சு வாருங்கோ." "நம்மளையா?" "இல்ல தாத்தா." "ஓகோ." அப்பாவுக்கு பதினாறு.

ஆனால் எடுக்காமலேயே வைத்திருந்து மறந்துபோனால்? இது இன்னொரு பயம், முதல் பயத்தின் முதுகில் உட்கார்ந்து வந்தது. ஒரு மாதமாயிற்றே, துரு பிடித்திருந்தால்? சத்தியம் வாய்க்குத்தான், மனசுக்குள் ஒரு தடவை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடலாம், பீரோவைத் திறந்து பார்க்கிற மாதிரி. திறந்தாள். "மக்ளே, அந்த பேன் சுவிச்ச அணைச்சிரு." இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது, கொஞ்சம் கரகரப்பு, ஈற்றில் ஒரு சாய்வு, எல்லாம் இருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கழுதை. இன்னும் கொஞ்சம் எடுத்துப் பார்த்தாள், வீட்டு அப்பா போதாது, ஆக்குப்புரை அப்பா இருக்கிறாரா? அதுதான் அவளுடைய மாஸ்டர் பீஸ். போன வருஷம் சுசீந்திரத்தில் ஒரு கல்யாணத்தில், அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து தேங்காய் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "லேய் நாகராசா, அந்த அவியல எறக்கி வச்சிட்டு எல்லாவனும் ஒத்தக்கால்ல நில்லுங்கலே, நான் வாறதுவரை" என்று விட்டாள். அப்பா தலை துவட்டிக்கொண்டு வந்தபோது எட்டு ஆள்கள் ஆக்குப்புரையில் ஒற்றைக்காலில் நின்றார்கள், நாகராசன் கையில் அகப்பையோடு, சாமி சிலை மாதிரி. அந்தக் குரலை மனசுக்குள் ஓட்டினாள். நெருப்பக் கொறைலே, ட்ச். மஞ்சப்பொடி போதும், ட்ச். சுக்கு கொஞ்சம் தட்டிப் போடு, ட்ச், ஆங், இப்ப இருக்கு. வருகிறது, அருமையாக வருகிறது, அந்த ட்ச் இல்லாவிட்டால் ஆக்குப்புரை அப்பா வராது, நாக்கை மேல் அண்ணத்தில் ஒட்டிப் பிடுங்கணும், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒன்று. வீட்டு அப்பாவுக்கு ட்ச் கிடையாது. ஏன் கிடையாது? இத்தனை வருஷம் பேசியிருக்கிறாள், இதை ஒருநாளும் யோசித்ததில்லை. கோபத்தில் வருவதா? வீட்டிலும்தான் கோபப்படுவார். புகையா? புகைக்கு இருமல்தான் வரும். நாகராசன் அண்ணனுக்கு வருமா ட்ச்? வராது. மாஸ்டருக்கு மட்டும் வரும். உள்ளே ஷீபா சிஸ்டர் பதினைந்தாம் நம்பரிடம் கேட்கிற சத்தம் வந்தது, "எதாவது, வல்லதும் சாப்பிட்டியளா? மூணு மணி நேரத்துக்குள்ள வல்லதும் சாப்பிட்டிருந்தா பறயணும் கேட்டியளா, தின்னதும் ஈரலுக்குப் போற ரத்தம் கூடிரும், மெஷின்ல நம்பரு தெறிச்சுக் கேறிரும்." வந்ததும் அப்பாவிடமும் கேட்டாள். போன மாதமும் கேட்டாள். அப்பா இரண்டு தடவையும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பச்சத்தண்ணி பல்லுல படல சிஸ்டர்" என்றார். சத்தியமான வார்த்தை, அப்பா சமையலுக்குப் போன நாளில் கடைசிப் பந்தி எழுந்திருக்கிறவரை இலை முன்னால் உட்காரமாட்டார், கட்டின பெண்டாட்டி வந்து கூப்பிட்டாலும் மாட்டார், அது அவர் தொழில் வைராக்கியம். இலை முன்னால் உட்காரமாட்டார். சுக்கு கொஞ்சம் தட்டிப் போடு, ட்ச். பகவதி திரும்பி அந்த வலது கையைப் பார்த்தாள். உள்ளங்கை குழிந்து கிடந்தது, எதையோ வாங்கிக்கொள்ளத் தயாராக.

"அப்பா." "ம்." "அப்பா, எந்திரி. இன்னைக்கு உப்பு பாத்தியா?" அப்பா ஒரு கண்ணைத் திறந்து, இதென்ன கேள்வி என்கிற மாதிரி பார்த்தார். "உப்பு பாக்காம? பின்ன உங்க ஹெட்மாஸ்டரா வந்து பாப்பாரு?" "என்னெல்லாம் பாத்த?" "என்னட்டீ விசாரணை? சாம்பாரு, அவியலு, எரிசேரி, ரசம், ரெண்டு பிரதமன்." "ஒவ்வொரு தடவையா?" "ஒரு தடவை பாத்தா தெரியுமா? உப்பு போட முன்ன ஒண்ணு, போட்ட பின்ன ஒண்ணு. பிரதமன் கைய விட்டுப் போற சாமான், அது நாலஞ்சு தடவை பாக்கணும். வடை வெந்துச்சான்னு ஒண்ணு பிச்சேன். போளி மாவு சரியான்னு ஒண்ணு சுட்டுப் பாத்தேன்." "ஒரு போளி முழுசாவா?" "பாதி போளிய என்ன செய்ய, வரிசையிலயா வைப்பேன்?" பகவதி விரல் விட்டு எண்ணினாள். ஒரு கல்யாணச் சாப்பாட்டையே மனுஷன் உள்ளங்கை உள்ளங்கையாக வாங்கி நக்கி, ட்ச் ட்ச் என்று உள்ளே அனுப்பிவிட்டு, பச்சைத்தண்ணி படவில்லை என்கிறார். "அப்பா, அது சாப்பிட்டதுதான்ப்பா." "அதெப்படி? நான் எங்க சாப்பிட்டேன்? உப்புல்லா பாத்தேன்." "வயித்துக்குள்ளதான போச்சு?" "போவும். அது வேல. வேல வேற, சாப்பாடு வேற." இந்த மனுஷனிடம் எப்படிச் சொல்ல, போன தடவையும் மண்டபத்திலிருந்துதான் வந்தார், போன தடவையும் ட்ச், பன்னிரண்டே முக்கால் ஈரலின் நம்பரா பிரதமனின் நம்பரா, ஒருவேளை ஈரலுடையதேயாக இருந்தால், அவசரப்படாதே, சந்தோஷப்படாதே, சத்தியம், மேலிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது. "டோக்கன் பதினாறு வாருங்கோ!" அப்பா எழுந்தார். "அப்பா, போகாத, இப்ப போனா திரும்பவும் கூடத்தான் வரும்." "சும்மா கெட மக்ளே, டாக்டரு காத்திருப்பாரு, அந்தச் சிஸ்டர்கிட்ட நான் பொய் சொன்னவன்னு ஆயிரும்" என்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தார். அவர் நடை நிற்காது, பந்திக்கு உருளிப் பாத்திரம் தூக்கிப்போகிற நடை, எதிரே ஆள் நின்றாலும் நிற்காது. கதவு வரை போய்விட்டார். சத்தியமா அப்பாவா? பகவதி மேலிடத்தைப் பார்த்து ஒரு நொடி மன்னிப்புக் கேட்டாள், கழுத்தைச் சுருக்கினாள், தொண்டையில் இருபது வருஷத்துச் சலிப்பை ஏற்றினாள், "ஏங்க! அங்கயே நில்லுங்க!" என்றாள். அம்மா. அச்சு அசல் அம்மா, துடைப்பத்தோடு. பூதலிங்கம் பிரேக் பிடித்த லாரி மாதிரி நின்றார், ஒரு கால் கதவுக்கு உள்ளே, ஒரு கால் வெளியே, திரும்பிப் பார்க்கக்கூடப் பயந்து. எதிர் நாற்காலித் தாத்தாவும் எழுந்து நின்றுவிட்டார். "நம்மளையா?"

ஷீபா சிஸ்டர் எல்லாவற்றையும் கேட்டாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள், போளியில் வந்தபோது வாயைப் பொத்திக்கொண்டாள். "எண்ட மாதாவே, அண்ணாச்சி, நான் சாப்பிட்டியளான்னு கேட்டப்ப பறயப்பிடாதா?" "சாப்பிடல்ல சிஸ்டர், உப்பு பாத்தேன்" என்றார் அப்பா திரும்பவும், குரல் இந்தத் தடவை கொஞ்சம் சின்னதாக. "செரி, இனி மூணு மணி நேரம் ஒண்ணும் வாயில வைக்கப்பிடாது. உப்பும் பாக்கப்பிடாது. மோளே, நீயாக்கும் காவல்." காவல் என்றதும் பகவதி அப்பாவின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் பூட்டிவிட்டாள். கை கனமாக இருந்தது, சுட்ட தழும்புகள், விரலிடுக்கில் மஞ்சள். கடைசியாக எப்போது பிடித்தாள்? தேரோட்டத்தில் தொலைந்துபோகாமலிருக்க, அப்போது அவர் இவளைப் பிடித்திருந்தார். பிடி மாறிவிட்டது, இருக்கட்டும். அந்த மூன்று மணி நேரம் எப்படிப் போயிற்று என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஊர்ந்தும் போயிற்று ஓடியும் போயிற்று. கீழே கேன்டீனில் மத்தியானச் சாம்பார் கொதித்து வாசனை படியேறி வந்தபோது அப்பாவின் மூக்கு தனியாக எழுந்து உட்கார்ந்தது. "பெருங்காயம் கூடிப்போச்சு" என்றார் கண்ணைத் திறக்காமல். கொஞ்சம் கழித்து, "பருப்பு வேகல்ல." மடியில் பூட்டியிருந்த கை தானாகக் குழிந்து மேலே கிளம்பியது, பகவதி அமுக்கினாள். ஒரு தடவை, இரண்டு தடவை, அதற்குப் பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, காத்திருக்கிற சனம் எல்லாம் திரும்பிப் பார்க்கிறது, இதென்ன ஈரல் பார்க்க வந்த இடத்தில் கெக்கெக்கே என்று. சிரிப்பு அடங்கினதும் பயம் திரும்ப வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. சத்தியத்தை வேறு உடைத்தாயிற்று. ஆனால் உடைத்தது அம்மா குரலால், அப்பாவுக்காக, இதைக் கணக்கில் எடுப்பார்களா மாட்டார்களா, உப்பு பார்த்ததைச் சாப்பாட்டில் சேர்க்கலாமா கூடாதா என்கிற அதே வழக்குதானே இதுவும். அப்பா கட்சிதான் இவளும். வேல வேற, சாப்பாடு வேற. காப்பாத்தினது வேற, மிமிக்ரி வேற. மேலிடத்துக்கு இதை விளக்கிக்கொண்டிருக்கையில் தோளில் ஒரு பாரம் விழுந்தது, அப்பாவின் தலை, மறுபடி தூங்கிவிட்டார், இந்தத் தடவை குறட்டையோடு. பகல் தூக்கம். இல்லை, கல்யாணத் தூக்கம். இல்லை, தெரியாது, தட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஏசி டிக் என்றது.

உள்ளே அப்பாவை மல்லாக்கப் படுக்கவைத்து, வலது கையைத் தலைக்குப் பின்னால் மடக்கி வைத்து, விலாவில் குளுகுளுவென்று ஜெல் தடவினார்கள். கை தலைக்குப் பின்னால் போய்விட்டதால் பகவதிக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை, கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணாச்சி கெடந்த மாதிரியே கெடக்கணும், அனங்கப்பிடாது, சிரிக்கப்பிடாது, சும்மா மூச்சு விடுங்கோ." மெஷின் விலா எலும்பு இடுக்கில் ஒரு சுண்டு சுண்டியது. டொக். பகவதி அந்தச் சத்தத்தைக் கேட்டாள், அப்பாவின் உள்ளே போய் ஈரலில் இடித்துத் திரும்பி வருகிற சத்தம், தேங்காயைச் சுண்டிப் பார்க்கிற மாதிரி, அப்பா சந்தையில் தேங்காய் பொறுக்கும்போது காதுக்குப் பக்கத்தில் வைத்து இப்படித்தான் சுண்டுவார், சுண்டினதும் முகத்தில் தெரிந்துவிடும் நல்லதா அழுகலா என்று. டொக். இந்தத் தேங்காயின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, கூச்சத்தைப் பொறுத்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி கிடக்கிறது. டொக். அப்பாவுக்கு விலாவில் கூச்சம் என்பது அம்மாவுக்கும் இவளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம், இப்போது ஒரு மெஷினுக்கும் தெரிந்துவிட்டது. கால் விரல் துள்ளியது, இவள் இறுக்கினாள், டொக், திரையில் என்னவோ கோடு வருகிறது, ஷீபா சிஸ்டர் முகத்தைப் பார்த்தாள், மெஷினைவிட மனுஷ முகம் வாசிக்கத்தான் இவளுக்கு வரும், எத்தனை முகத்தைத் திருடியிருக்கிறாள், ஆனால் சிஸ்டர் முகம் இறுக்கமாக, ஐயோ இறுக்கம் என்கிற வார்த்தையே வேண்டாம், டொக், வள்ளியம்மை அத்தையின் இரண்டு எட்டு, டொக், அம்மா கதவைச் சாத்துகிறாள், சாத்தாதே அம்மா, டொக், நான் பேசமாட்டேன், அவர் வந்து பேசட்டும். அப்புறம் சத்தம் நின்றுவிட்டது. ஷீபா சிஸ்டர் துணியால் அப்பாவின் விலாவைத் துடைத்தாள், திரையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், ஒற்றைப் புருவம் மேலே போயிற்று. "ஏழே கால். மோளே, ஏழே காலாக்கும்." டாக்டர் எட்வின் பேனாவைப் பார்த்தார், பேனா உடனே சம்மதம் கொடுத்தது. "அதாவது... இப்ப எல்லாம் ஒரே கதை சொல்லுது. இறுக்கம் பெருசா இல்ல. ஊசி வேண்டாம். கொழுப்பு இருக்கு, அது நிசம். இனிப்பு குறைக்கணும், எடை குறைக்கணும், ஆறு மாசத்துல திரும்ப வரணும்." பேனாவை வைத்துவிட்டு, முதல் தடவையாக 'அதாவது' இல்லாமல் கேட்டார், "அந்த பிரதமன் என்ன பிரதமன்?" "ஒண்ணு அடை, ஒண்ணு சிறுபயறு சார்" என்றார் அப்பா, எழுந்து நின்று, பரிசு வாங்குகிற பிள்ளை மாதிரி.

படியிறங்கும்போது பகவதியின் தொண்டைக் கதவு திறந்துவிட்டது, சத்தியம் சாயங்காலம் வரைதான், வெளியே வெயில் சாய்ந்திருந்தது, அது போதும். ஒவ்வொரு படிக்கும் ஒருத்தர் இறங்கினார்கள். "வாருங்கோ, செருப்பக் கழத்திப் போட்டுட்டு வாருங்கோ." "அதாவது..." "நம்மளையா? ஓகோ." டொக், டொக், ம்ம்ம்ம்ம் டிக். அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், போன மாதத்துக்கப்புறம் இப்போதுதான் அந்தச் சிரிப்பு, வயிறு தனியாக, தோள் தனியாக. கடைசிப் படியில் அவள் நின்றாள். தாடையைக் கொஞ்சம் தளர்த்தினாள், கரகரப்பைக் கொண்டுவந்தாள், அவர் முகத்துக்கு நேராக, ஒரு மாதமாகப் பூட்டி வைத்திருந்ததைத் திறந்தாள். "பச்சத்தண்ணி பல்லுல படல சிஸ்டர். ட்ச்." அப்பா தன் குரலையே எதிரில் நின்று கேட்டார். "நான் அப்பிடியா பேசுகேன்?" "அப்பிடித்தான்." "அந்த ட்ச் என்னத்துக்குட்டீ?" "அது பிரதமன்." வாசலில் டீக்கடை, பழம்பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் வாளியில் சாம்பார். அங்கே நின்றபோதுதான் அம்மா போன் வந்தது, அப்பா எடுக்காமல் இவளிடமே நீட்டினார், கண்ணைச் சிமிட்டினார், எனக்குப் பதில் நீயே சொல்லு. கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் அப்பாவாகவே சொன்னாள், "சொர்ணம், ஒண்ணுமில்லட்டீ. ஏழே கால்தான். ஊசி வேண்டாம்னுட்டாரு." அந்தப் பக்கம் துடைப்பம் கீழே விழுகிற சத்தம். அப்புறம் அம்மா, "எட்டீ, இது நீதான?" என்றாள், குரல் உடைந்து, "விளையாடாதட்டீ, அவியகிட்ட குடு, அவியளே சொல்லட்டும்." பகவதி போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் பிடித்தாள். அப்பா குனிந்து, "சொர்ணம், ஒண்ணுமில்லட்டீ, ஏழே கால்தான்" என்றார், அதே கரகரப்பு, அதே சாய்வு. அம்மா அழுதாள், மூக்கை உறிஞ்சினாள், திட்டினாள், ஒரு வீட்டுக்கு ஒரு பூதலிங்கம் போதாதா என்றாள், பிறகு எப்போதும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டாள். "இவ்வளவு நேரமாச்சே, சாப்பிட்டியளா?" "இன்னும் இல்லட்டீ" என்றன இரண்டு பூதலிங்கங்களும் ஒரே நேரத்தில், ஒரே குரலில். எது அசல் என்று கண்டுபிடிக்க அம்மாவுக்கு ஒரு வழிதான் இருந்தது, அது டீக்கடைச் சாம்பாரில் ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு வாங்கியிருந்த பூதலிங்கத்திடமிருந்து உடனே வந்தது.

"ட்ச்."